விலைக்கு நிற்கும் வீடு



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவதன் தொல்லையைச் சொன்ன அவர்கள் விற்பதன் தொல்லையைச் சொல்லாமல் விட்டுவிட்டனர். வீட்டை விற்பது என்பது கடன்பட்டவர் செய்யும் காரியம், அதைப் பற்றிப் பேசுவதே அமங்கலம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். இன்று நிலைமை வேறு. பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் சென்று அங்கேயே வேர் பிடித்துவிட்ட நம்மில் பலர், என்றேனும் ஒரு நாள், பழைய வீட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இதை என் செய்வது என்று யோசிக்க வேண்டியவர்களாகிறோம். விற்பதற்கு மனம் வருவதில்லை; வைத்துக் காப்பதற்கு ஆள் இருப்பதில்லை.

அத்தகைய சாவி ஒன்று எங்களிடமும் இருந்தது. திருவனந்தபுரத்தில் கரமனை அக்கிரகாரத் தெரு ஒன்றில் எங்கள் பெற்றோரின் வீடு. உடன்பிறந்தோர் நாங்கள் ஐவர். ஐவருக்கும் ஐந்து ஊர். தாயார் மறைந்த பின் அவ்வீடு இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2017ஆம் ஆண்டில் விற்பது என்று முடிவு செய்தோம். அதற்காக ஒன்று கூடிய நாட்களில், வீட்டை விற்பனைக்கு ஆயத்தப்படுத்துவது தனியொரு கலை என்பதையும், அக்கலையில் நேர்வழி ஒன்றும் குறுக்குவழி ஒன்றும் உண்டு என்பதையும் அறிந்தோம். குறுக்குவழியில் சிறிது தூரம் நடந்தும் பார்த்தோம். அந்த அனுபவம் பிறருக்குப் பயன்படலாம் என்ற எண்ணமே இப்பேச்சுக்குக் காரணம்.

திருவனந்தபுரத்துத் தமிழரின் நிலை சற்று விந்தையானது. நம்மில் பெரும்பாலோர் ஊரை விட்டு வெளியேறியதால் வேறு மாநிலத்தவர் ஆனோம். அவர்களோ இருந்த இடத்தை விட்டு அசையாமலே அவ்வாறு ஆனார்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. நாஞ்சில் நாட்டில் பெண் கொடுத்தவர் ஒரு மாநிலத்திலும், பெண் எடுத்தவர் மற்றொரு மாநிலத்திலுமாக ஒரே இரவில் பிரிந்தனர். ஆயினும் கோட்டைக்குள்ளும், கரமனையிலும், வலியசாலையிலும், சாலைக் கடைத்தெருவிலும் தமிழ் ஒலி ஓயவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது நாடெங்கும் பரவியிருப்பதால், அவ்வூரில் விலைக்கு நிற்கும் வீடுகளுள் தமிழர் வீடுகளும் பல.

ஒரே நகரில் எத்தனை வகை வீடுகள்! தெருவோடு ஒட்டி நிற்கும் அக்கிரகார வீடு. கீழே கடையும் மேலே குடியிருப்புமான கடைத்தெரு வீடு. மரமும் ஓடுமாக மா, பலா நிழலில் அமர்ந்திருக்கும் பழைய மலையாளத்து வீடு. பூச்சின்றிச் செங்கல் முகம் காட்டும் புதுநெறி வீடு. வானளாவிய அடுக்கு மாளிகையில் ஒரு கூடு. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு குணம் உடையவை. ஒன்றுக்கு அழகு சேர்ப்பது மற்றொன்றைக் கெடுத்துவிடும். ஆகவே எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை.

வீட்டை மேடை போல அமைத்துக் காட்டுவதை ஒரு தொழிலாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1970களில் சியாட்டில் நகரப் பகுதியில் வீட்டு விற்பனைத் தொழிலில் இருந்த பார்ப் சுவார்ட்ஸ் என்னும் பெண்மணி, நாடக மேடையில் காட்சி அமைப்பது போன்று விற்பனை வீட்டையும் அமைக்கலாம் என்ற கருத்தைப் பரப்பினார். இன்று அங்கே காலி வீட்டில் வைப்பதற்கென்றே நாற்காலி, மேசை, கட்டில், ஓவியம் முதலியவற்றை வாடகைக்குக் கொடுப்போர் உளர். நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இவ்வழக்கம் தலைகாட்டியிருக்கிறது.

இதைக் கேட்டதும் இது மேனாட்டு மினுக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். கேரளத்தில் மிதுன மாதக் கடைசி நாளில் வீட்டை மூலை முடுக்கெல்லாம் கூட்டி மெழுகி, மூதேவியை வெளியே போக்கிச் சீதேவியை உள்ளே அழைக்கும் வழக்கம் உண்டு. நம்மிடத்தில் போகி இருக்கிறது. வருகின்றவர் மனம் குளிர வாசலைத் தெளித்துக் கோலமிடும் மக்களுக்கு இக்கலையை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் ஆராய வேண்டியது ஒன்றே. அழகு செய்வது எங்கே முடிகிறது, மறைப்பது எங்கே தொடங்குகிறது?

முதலில் அக்கிரகார வீட்டை எடுத்துக்கொள்வோம். இதன் முகப்புக் குறுகியது. ஆழம் மிக நீண்டது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையலறை, கிணற்றடி, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருடன் பொதுவானவை. ஆதலால் பக்கங்களில் சாளரம் வைக்க இடமில்லை. வெளிச்சமும் காற்றும் வருவதற்கு முற்றம் ஒன்றே வழி. அந்த முற்றத்தைப் பிற்காலத்தவர் மழைக்கு அஞ்சிப் பச்சை நிறப் பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிட்டனர். அதன் கீழ் நிற்பவர் முகமெல்லாம் நோயாளி முகம் போல் தோன்றும். இத்தகைய வீட்டை விற்க நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் தகட்டை அகற்றிவிட்டு ஒளி புகும் தெளிந்த தகட்டை இடுவது. எங்கள் வீட்டில் அதைச் செய்த அன்று, பிறந்து வளர்ந்த கூடத்தையே முதன்முறையாகப் பார்ப்பது போல் இருந்தது.

இரண்டாவது, தரை. இவ்வீடுகளில் பெரும்பாலும் சிவப்புக் காவித் தரைதான். கல்குளத்தை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள் அங்குள்ள கருநிறத் தரையின் பளபளப்பை மறந்திருக்க மாட்டார்கள். அந்த மரபின் எளிய தம்பி என்று நம் சிவப்புத் தரையைச் சொல்லலாம். அதன்மேல் ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும், புதுமை என்று கருதி மேலே பளபளப்பான ஓடு பதிப்பதும் தவறு. வெந்நீரில் துடைத்து, உலர்ந்த பின் துணியில் சிறிது தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பழைய நிறம் எழும். அடுத்தது கிணறு. தூர் வாரி, வலையிட்டு, கப்பியும் கயிறும் புதிதாகப் போட்டு, நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி எழுதி வாங்கிய தாளையும் கையில் வைத்திருப்பது நலம். குழாய்த் தண்ணீர் தவறும் நாளில் கிணறு கைகொடுக்கும் என்பதை வாங்க வருபவரும் அறிவர்.

பூசையறையைப் பற்றியும் ஒரு சொல். திருவனந்தபுரம் எல்லாச் சமயத்தாரும் வாழும் நகரம். வாங்க வருபவர் எச்சமயத்தவராகவும் இருக்கலாம். படங்களையும் விளக்கையும் முறைப்படி எடுத்துச் சென்று, அந்த இடத்தைத் தூய்மையாக, வெறுமையாக விட்டுவிடுவதே பண்பு. முன்னோர் படங்களும் அவ்வாறே. கூடத்துச் சுவரெங்கும் நம் பாட்டனாரும் பாட்டியாரும் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், புதியவர் தம் நாற்காலியை எங்கே போடுவது என்று எண்ணிப் பார்க்கவும் கூச்சப்படுவார்.

இவையனைத்தையும் நாங்கள் ஒழுங்காகவே செய்தோம். தவறியது ஓரிடத்தில். கூடத்தின் வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் படர்ந்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தரகர் ஒருவர், கெட்டியான பெயின்ட்டை இரண்டு பூச்சுப் பூசினால் ஆறு மாதத்துக்குத் தெரியாது, அதற்குள் வீடு கைமாறிவிடும் என்றார். ஐவருக்கும் விடுமுறை குறைவு. பயணச்சீட்டு முன்பே எடுத்தாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாட்களில் சுவர் பளபளவென்று ஆயிற்று.

ஆவணி மாதத்தில், நாகர்கோவில் பக்கத்து மூதாட்டி ஒருவர் தம் மகளுடன் வீட்டைப் பார்க்க வந்தார். மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. மூதாட்டி திண்ணை முதல் கொல்லை வரை ஒன்றும் பேசாமல் நடந்தார். திரும்பி வரும்போது கூடத்தில் நின்று, வடக்குச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். சிறிது நேரம் கையை எடுக்கவில்லை.

“பெயின்ட்டு புதுசு, மக்களே. ஆனா கை குளிருதே. தண்ணி எங்கேயிருந்து வருது?” என்று கேட்டார்.

எங்களுள் மூத்தவர், “தெரியாது, ஆச்சி” என்றார். அது உண்மையான விடையே. எங்கிருந்து நீர் வருகிறது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. பாராமலே மறைப்பதற்குக் கூலி கொடுத்திருந்தோம். மூதாட்டி கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. “பாத்துச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்கு என்ன விடை சொன்னோம் என்பதைப் பிறகு கூறுவோம்.

அடுத்து, கடைத்தெரு வீடு. திருவிதாங்கூரின் திவானாக இருந்த இராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியது சாலைக் கடைத்தெரு. தமிழ்நாட்டிலிருந்து சரக்கும் வணிகரும் வந்து சேர்ந்த இடம் அது. எழுத்தாளர் ஆ. மாதவன் அத்தெருவில் கடை நடத்திக்கொண்டே, அங்குள்ள மனிதர்களைத் தம் கதைகளில் நிலைபெறச் செய்தார். இங்கே வாங்க வருபவர் திரைச்சீலையையும் பூச்சாடியையும் பார்க்க மாட்டார். முகப்பு எத்தனை அடி, பின்புறம் சந்து உண்டா, சரக்கு வண்டி எந்நேரம் வந்து நிற்கலாம், மழையில் வாசலில் நீர் தேங்குமா, மாடிப்படி பாரம் தாங்குமா என்றே கேட்பார். ஆகவே இவ்வகை வீட்டுக்கு அலங்காரம் என்பது காலி செய்தலே. பழைய சாக்கு, உடைந்த தராசு, அலமாரி இவற்றை அகற்றி, சுவரும் தளமும் கண்ணுக்குத் தெரியும்படி செய்துவிட்டால் போதும். வாடகைக்கு ஆள் இருந்தால் அதை முதற்பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். கேரளத்தில் 1965ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வாடகைதாரரை விடுமுறையில் அனுப்பிவிட்டுக் கடையைக் காலி போலக் காட்டுவது, பின்னால் வழக்கை விலைக்கு வாங்குவதாகும்.

மூன்றாவது, மரமும் ஓடுமான பழைய மலையாளத்து வீடு. நாலுகெட்டு என்று சொல்லப்படும் முழு அமைப்பு நகருக்குள் அரிதாகிவிட்டாலும், அதன் சாயலில் அமைந்த படிப்புரையும் தாழ்வாரமும் துளசித்தறையும் உள்ள வீடுகள் இன்னும் உண்டு. தேக்கு, பலா, அயினி மரங்களால் ஆன உத்தரமும் கதவுமே இவற்றின் செல்வம். அந்த மரத்தின்மேல் நாம் முன்பொரு காலத்தில் பூசிய பச்சைச் சாயத்தைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் பூசினாலே வீடு பேசத் தொடங்கும். கரையானுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் தடவுவது அந்நாட்டு வழக்கம். கரையான் அரித்த உத்தரத்தைப் புட்டி வைத்து மெழுகி மறைப்பது மட்டும் கூடாது. ஏனெனில் அது அழகைப் பற்றிய பொய் அன்று, உயிரைப் பற்றிய பொய்.

இவ்வகை வீட்டை விற்போர் இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் சிலருக்கு வேண்டியது வீடன்று, மரமும் மனையுமே. வீட்டைப் பிரித்து மரத்தை வேறிடத்துக்குக் கொண்டு செல்வர். அதிலும் நல்லதொரு முடிவு உண்டு. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், கேரளத்துப் பழைய வீடுகள் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மறுபடியும் வீடாக நிற்கின்றன. எல்லா வீட்டுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. வீடாகவே வாழ வேண்டும் என்று விரும்பினால், வீடாகக் காட்ட வேண்டும்: ஓட்டை மாற்றி, தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி இட்டு, சமையலறையும் குளியலறையும் இக்காலத்துக்கு ஏற்றவையாக ஆக்கி, இங்கே இன்றைக்கும் குடியிருக்கலாம் என்பதை வருபவர் கண்ணால் காணச் செய்ய வேண்டும்.

நான்காவது வகை, திருவனந்தபுரத்துக்கே சிறப்பானது. இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டிடப் பணி செய்து, பின்னர் இந்நகரிலேயே குடியமர்ந்து, 2007இல் இங்கேயே மறைந்தவர் லாரி பேக்கர். 1940களில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்று அடிகள் சொன்ன கருத்தை அவர் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டிடங்களும், தம்பானூர் பேருந்து நிலையத்தருகே சுருள் போல எழும் இந்தியன் காப்பி ஹவுஸும் அவர் கைவண்ணம். அவரைப் பின்பற்றிக் கட்டப்பட்ட வீடுகள் நகரின் பல பகுதிகளில் இருக்கின்றன.

இவ்வீடுகளில் செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார்கள். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். கூரையின் கான்கிரீட்டில் பாரம் தாங்காத அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் குறைப்பார்கள். சாளரத்துக்குப் பதிலாகச் செங்கல் இடைவெளிகளால் ஆன சல்லடைச் சுவர் இருக்கும். இத்தகைய வீட்டை விற்க எண்ணிய சிலர், செங்கல் முகத்தைச் சிமெண்டால் பூசி வெள்ளையடித்துவிடுகின்றனர். செலவும் ஆகும், சுவரின் சிறப்பும் போய்விடும். இங்கே செய்ய வேண்டியது, பாசியைத் துலக்கி, உதிர்ந்த இணைப்புகளை அடைத்து, சல்லடைச் சுவரின் ஒட்டடையை எடுத்து, வெயில் அதன் வழியே தரையில் கோலமிடும் காலைப் பொழுதில் வருபவரை அழைப்பதுதான். செங்கல் சுவர் செங்கல் சுவராகவே தோன்ற வேண்டும் என்பது பேக்கரின் கொள்கை. வீடு விற்போர் அனைவரும் அவரிடம் கற்க வேண்டிய பாடமும் அதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஐந்தாவது, அடுக்கு மாளிகை வீடு. 1990இல் கழக்கூட்டத்தில் தொழில்நுட்பப் பூங்கா அமைந்த பின் இவை பெருகின. இதைப் பற்றிச் சொல்வது மாதுங்காவிலும் செம்பூரிலும் பெங்களூரிலும் வீடு வைத்திருக்கும் நம்மவர்க்கும் பொருந்தும். பெரிய வீட்டைக் காலி செய்தால் பெரிதாகத் தோன்றும். சிறிய அறையைக் காலி செய்தால் மேலும் சிறிதாகத் தோன்றும். கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்ற ஐயம் வெற்றறையில்தான் எழும். ஆகவே படுக்கையறையில் ஒரு கட்டில், கூடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும், பால்கனியில் ஒரு செடி என்ற அளவோடு நிறுத்த வேண்டும். வாசலிலுள்ள செருப்புக் குவியலையும், பால்கனிக் கொடியில் உலரும் துணியையும் அன்றைக்கு மட்டுமாவது அகற்ற வேண்டும். கடற்காற்று வீசும் இடமானால் சாளரக் கம்பிகள் துருப்பிடித்திருக்கும். துருவைச் சுரண்டிப் பூச வேண்டுமேயன்றித் துருவின் மேலேயே பூசலாகாது.

வாங்க நினைப்பவர் இப்போது வீட்டை முதலில் காண்பது கைப்பேசிப் படத்தில். வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர் அங்கிருந்தே பத்து வீடுகளைப் பார்த்து எட்டை ஒதுக்கிவிடுகிறார். ஆகையால் படம் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அறையை இருமடங்காக விரித்துக் காட்டும் வகையில் படம் எடுத்தால், நேரில் வருபவர் வாசலிலேயே ஏமாற்றம் அடைவார். ஏமாற்றத்தோடு உள்ளே நுழைபவர் பிறகு எதைக் காட்டினாலும் நம்பமாட்டார். காலை வெளிச்சத்தில், நெஞ்சு உயரத்தில், அறையின் மூலையில் நின்று எடுத்த சாதாரணப் படமே போதுமானது.

காலத்தையும் கருத வேண்டும். கேரளத்தில் இடவப்பாதி மழை ஜூனில் தொடங்கும். துலா மழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்யும். கர்க்கடக மாதம் நமது ஆடி போன்றது. புதுக் காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். வளைகுடாவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வருவதாலும், ஓணம் அதை ஒட்டி வருவதாலும், வாங்குவோர் ஊருக்கு வரும் காலம் அது. ஆகவே சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட நாட்களில் பழுது பார்த்துவிட்டு, ஆவணியில் வீட்டைக் காட்டுவது பொருத்தம். மழையில் காட்ட அஞ்ச வேண்டாம். மழையில் ஒழுகாத கூரையை விடச் சிறந்த விளம்பரம் திருவனந்தபுரத்தில் இல்லை.

இனி, யாரும் அலங்காரமாகக் கருதாத ஒன்றைச் சொல்வோம். அதுதான் பத்திரக் கட்டு. மலையாளத்தில் கிரயப் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். அதற்கு முந்திய பத்திரங்கள் முன்னாதாரம். நில வரி கட்டிய சீட்டு, கரம் தீர்த்த இரசீது. பெயர் மாற்றம், போக்குவரவு. நாம் வில்லங்கச் சான்று என்பதைத் திருவிதாங்கூர்ப் பகுதியில் குடிக்கடச் சான்று என்பர். வெளி மாநிலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களும் தெரியா, எழுத்தும் தெரியாது. தந்தை பெயரிலேயே கரம் கட்டி வந்து, வாங்குபவர் வந்த பிறகு போக்குவரவுக்கு அலைவோர் பலர். அளவிலும் குழப்பம் உண்டு. நாம் பேசுவது சென்ட் கணக்கு. பத்திரத்தில் இருப்பது ஆர் கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஓர் ஆர் ஏறக்குறைய 2.47 சென்ட். நேரில் வர இயலாதோர் பிறருக்கு முக்தியார், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுக்கும்போது, எதற்கு அதிகாரம், எதற்கு இல்லை என்பதை வரி வரியாகப் படித்துக் கேட்ட பின்பே கையெழுத்திட வேண்டும்.

கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக, வாங்குபவர் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கிறது. அதன் பின் அவர் கையில் பழுது பார்க்கப் பணம் மிஞ்சுவது அரிது. நாம் மறைத்து வைத்த ஒழுகல், அவர் வெறுங்கையோடு இருக்கும் முதல் மழையில்தான் வெளிப்படும். மறைப்பதன் கொடுமை இதில்தான் இருக்கிறது.

எங்கள் வடக்குச் சுவருக்கு வருவோம். மூதாட்டி சென்ற மறுநாள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். எங்கள் ஓட்டுக் கூரையும் அண்டை வீட்டுக் கூரையும் சேரும் பள்ளத்தில் நீர் ஓடுவதற்குப் போட்டிருந்த தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. மாவிலைச் சருகு அடைத்து, மழைநீர் முழுவதும் பொதுச்சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அண்டை வீட்டாரிடம் பேசியபோதுதான், அவர்கள் பக்கச் சுவரிலும் அதே ஈரம் இருப்பது தெரிந்தது. இரு வீட்டாரும் பாதிப் பாதியாகச் செலவிட்டுப் புதுத் தகரம் போட்டோம். சுவரில் பூசிய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, செங்கல் தெரியும்படி திறந்தே விட்டோம். அழகு செய்து வைத்த கூடத்தில் அது ஒரு புண் போல் இருந்தது. ஆயினும் அவ்வாறே விட்டுவிட்டு, நீர் வந்த வழியையும் செய்த பழுதையும் மூதாட்டிக்குத் தொலைபேசியில் சொன்னோம். சுவர் உலர்ந்த பிறகு சுண்ணாம்பு பூசுவதற்கு ஆகும் தொகையை விலையில் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னோம்.

பேரம் அதிகம் நடக்கவில்லை. புரட்டாசியில் ஆதாரம் பதிவாயிற்று. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தபோது, எங்களுள் இளையவள் மட்டும் முற்றத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் கடலோர ஊர்களில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தின் முன் ஒரு வீட்டுச் சுவர் பொருட்டே அன்று. ஆயினும் நாட்கள் சில சென்ற பின், நலம் விசாரிப்பதற்காக மூதாட்டியை அழைத்தோம். நாங்கள் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார்:

“அவ்வளவு மழையிலயும் சுவரு நனையல்ல, மக்களே. தை பிறந்ததும் சுண்ணாம்பு பூசப் போறோம்.”